கிரீன் கார்டுக்கு ‘இரண்டு வருட அனுபவம்’: கஞ்சிக்கோட்டுக் கணக்கும் அமெரிக்கக் கணக்கும்

பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வண்ணாமடையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. மெக்கானிக்கல் டிப்ளமோ. 2013 முதல் 2015 வரை கோயமுத்தூர் கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை. 2016 முதல் 2019 வரை பாலக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) ஆபரேட்டர், ஆனால் காண்ட்ராக்டர் மூலமாக. 2019 முதல் 2023 வரை ஷார்ஜா. இப்போது மறுபடியும் கஞ்சிக்கோடு, இந்த முறை கம்பெனி ரோலில். அமெரிக்காவின் ஒஹாயோவில் இவருடைய சித்தப்பா மகன் கூட்டாளியாக இருக்கும் ஒரு மெஷின் ஷாப், நிரந்தரமாகக் குடியேறும்படி வேலை தருகிறோம் என்கிறது. “இரண்டு வருட அனுபவம் போதும் என்கிறார்கள், எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஏஜெண்ட் எட்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? கனடா இதைவிடச் சுலபமா? என் மனைவி மஸ்கட்டில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கவலை.”

தம்பி, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கடிதத்திலேயே விலை அதிகமான வரி அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அனுபவக் கணக்கு.

நான் வக்கீல் அல்ல. கோயமுத்தூரில் ஓர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் அமெரிக்க வக்கீல்களுக்காக இந்தக் கோப்புகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். காலையில் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினால் ராத்திரிதான் திரும்புவது. அந்த ஒன்பது வருடத்தில் என் மேசையில் முட்டி நின்ற கோப்புகளில் பாதிக்கு மேல் அனுபவம் இல்லாதவர்களுடையவை அல்ல. அனுபவம் இருந்தும், அது தாளில் இல்லாதவர்களுடையவை.

‘இரண்டு வருடம்’ என்பது உங்களைப் பற்றிய விதி என்று நினைக்கிறீர்கள். அது வேலையைப் பற்றிய விதி. அமெரிக்காவில் வேலை வழியாக நிரந்தரக் குடியேற்றம் தருவதில் மூன்றாம் பிரிவு ஒன்று உண்டு, எல்லாரும் இபி-3 என்பார்கள். அதற்குள் மூன்று அறைகள். குறைந்தது இரண்டு வருடப் பயிற்சியோ அனுபவமோ இல்லாமல் செய்ய முடியாத வேலை என்றால் ‘திறன் தொழிலாளி’. பட்டப்படிப்பு இல்லாமல் முடியாத வேலை என்றால் ‘தொழில்முறையாளர்’. இரண்டு வருடம் கூடத் தேவையில்லாத வேலை என்றால் ‘மற்றத் தொழிலாளர்’. எந்த அறை என்பதை உங்கள் பத்து வருடம் தீர்மானிக்காது. ஒஹாயோ கம்பெனி அரசுக்குக் கொடுக்கும் படிவத்தில் “இந்த வேலைக்குக் குறைந்தபட்சம் இது வேண்டும்” என்று எழுதுகிறதே, அதுதான் தீர்மானிக்கும். இருபது வருடம் லேத்தில் நின்ற மனிதரை, ஆறு மாத அனுபவம் போதும் என்று எழுதிய வேலைக்கு எடுத்தால் அவர் ‘மற்றத் தொழிலாளர்’தான். நெரிசல் இல்லாத நாடுகளில் பிறந்தவர்களுக்கு அந்த அறையின் காத்திருப்பு வரிசை இன்னும் நீளம்.

கம்பெனி இஷ்டத்துக்கு எழுதவும் முடியாது. அங்கே பெர்ம் என்று ஒரு நடைமுறை 2005 மார்ச்சிலிருந்து இருக்கிறது. இந்த வேலைக்கு அமெரிக்காவிலேயே ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் காட்டவேண்டும். அந்த ஊரில் அந்த வேலைக்கு நடப்புக் கூலி எவ்வளவு என்று துறையிடமே கேட்டு வாங்கி, மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் முப்பது நாள் போட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் இரண்டு தடவை விளம்பரம் கொடுத்து, வந்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க முடியும். உங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி நிபந்தனைகளை எழுதினால் அங்கேயே சந்தேகம் வரும். குறைவாக எழுதினால் அறை மாறிவிடும். ஆகவே ஒஹாயோவில் இருக்கும் அந்தச் சித்தப்பா மகனிடம், அதாவது உங்கள் அண்ணனிடம், கேட்கவேண்டிய முதல் கேள்வி, “எனக்கு அனுபவம் போதுமா?” அல்ல. “அண்ணா, படிவத்தில் என்ன எழுதப் போறீங்க? அப்படியே எனக்கு அனுப்புங்க” என்பது.

ஏன் என்றால் அதில் எழுதுகிற ஒவ்வொரு சொல்லையும் பின்னால் நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். ‘இரண்டு வருடம் சிஎன்சி அனுபவம், அதில் 5-ஆக்சிஸ் மெஷினில் ஒரு வருடம், ப்ரோகிராம் திருத்தத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எழுதினால், உங்கள் கடிதங்களில் அந்த மூன்றும் இருக்கவேண்டும். ‘சிஎன்சி ஆபரேட்டராகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்’ என்ற நம்மூர் சர்ட்டிபிகேட் அங்கே சாம்பார் இல்லாத இட்லி மாதிரி.

டிப்ளமோவைப் பற்றி ஒரு நல்ல செய்தி. திறன் தொழிலாளி அறையில், வேலைக்குத் தொடர்புடைய, பள்ளிக்கு மேற்பட்ட படிப்பைப் ‘பயிற்சி’யாக எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் படிவத்தில் அப்படி ஏற்பதாக எழுதியிருக்க வேண்டும். ‘அனுபவம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் பின்னால் டிப்ளமோவைக் காட்டினால் எடுபடாது.

பட்டம் படித்த நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாம் பிரிவான இபி-2க்கு முதுகலைப் பட்டம் வேண்டும், அல்லது இளங்கலைப் பட்டமும் அதற்குப் பிறகு ஐந்து வருடம் படிப்படியாகப் பொறுப்பு கூடிய அனுபவமும் வேண்டும். படிக்கும்போதே பார்த்த வேலை அந்த ஐந்தில் சேராது. நம்மூர் மூன்று வருட பிஎஸ்ஸி, பிகாம் அங்குள்ள நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமல்ல என்ற தீர்ப்பு 1977லேயே வந்துவிட்டது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் மூன்று வருட அனுபவம் ஒரு வருடப் படிப்புக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அதே கணக்கை கிரீன் கார்டுக்கும் கொண்டுவந்து மாட்டிக்கொண்ட பிகாம்காரர்களைப் பார்த்திருக்கிறேன். விசா கிடைத்ததே, இதுவும் கிடைக்கும் என்று நினைத்தவர்கள்.

அடுத்தது நாள் கணக்கு. பெர்ம் விண்ணப்பம் தொழிலாளர் துறையில் பதிவாகும் நாள்தான் உங்கள் ‘முன்னுரிமைத் தேதி’. கேட்கிற அனுபவம் முழுவதும் அந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரிசையில் பத்து வருடம் நின்று, அந்தப் பத்து வருடமும் வேலை செய்தாலும் ஒரு நாள்கூட இந்தக் கோப்பில் சேராது. இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவாக இருக்கும்போது அவசரப்பட்டுப் பதிவு செய்தால் அந்த ஒரு மாதம் கடைசிவரை குறைவாகவே இருக்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் உங்கள் பத்து வருடத்தில் எந்த இரண்டு வருடத்தை முன்னால் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாலு இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணபதி பட்டறை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம், ரசீது கிடையாது, பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. சரிதானே? அமெரிக்கக் கணக்கில் பழைய அனுபவத்துக்குக் காலாவதி இல்லை, 2013ம் செல்லும். ஆனால் சான்று முதலாளியின் கடிதம் ஒன்றுதான். அந்தப் பட்டறை இன்னும் ஓடுகிறதா, ஜிஎஸ்டி பதிவு, போர்டு, போன் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். தூதரகத்திலிருந்து போன் செய்து கேட்கும் வழக்கம் உண்டு. போனை எடுக்கிற பையன் “அப்படி ஒருத்தரும் இங்கே இல்லையே” என்று சொன்னால் முடிந்தது. பட்டறை மூடியிருந்தால், உங்களோடு நின்ற மேஸ்திரியோ சக தொழிலாளியோ நோட்டரி முன்னால் சத்தியப் பிரமாணம் எழுதித் தரலாம். கடிதம் கிடைக்க வழியில்லை என்று காட்டினால் வேறு சான்றுகளையும் பரிசீலிக்க விதியில் இடம் உண்டு. எழுதித் தருகிறவர் அந்தக் காலத்தில் அங்கே தாமும் வேலை செய்தார் என்பதற்கு ஏதாவது இருந்தால் பலம். வெறும் பிரமாணம் மட்டும் என்றால் பலவீனமான கால். இதை முன்னால் வைக்காதீர்கள்.

கஞ்சிக்கோடு, காண்ட்ராக்டர் காலம். நம் பக்கத்துப் பையன்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் முடிச்சு விழுகிறது. மூன்று வருடமும் ஒரே கேட் வழியாகப் போனீர்கள், ஒரே மெஷினில் நின்றீர்கள், சூப்பர்வைசர் கம்பெனிக்காரர். ஆனால் சட்டப்படி உங்கள் முதலாளி காண்ட்ராக்டர். பிஎஃப் அவர் கோட் நம்பரில் போயிருக்கும். இப்போது நீங்கள் கம்பெனியிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் பிஎஃப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கும். காண்ட்ராக்டரிடம் வாங்கினால் அவர் ‘தொழிலாளி’ என்று ஒரே வார்த்தையில் எழுதித் தருவார், நீங்கள் என்ன மெஷின் ஓட்டினீர்கள் என்பது அவருக்கே தெரியாது. இரண்டும் வேண்டும். காண்ட்ராக்டரிடம்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை முழுநேரமாக என் ரோலில் இருந்தார், இன்ன தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டார். தொழிற்சாலையில் உங்களுக்கு மேலிருந்த சூப்பர்வைசரிடம்: இன்ன பிரிவில் இன்ன மெஷினில் இன்ன வேலை செய்தார். இரண்டு கடிதமும் ஒரே தேதிகளைச் சொல்ல வேண்டும். யுஏஎன் நம்பரை வைத்து பிஎஃப் தளத்தில் உங்கள் பணி வரலாற்றை இறக்கிப் பாருங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் அங்கே இருக்கும். நான் பார்த்த பல கோப்புகளில் காண்ட்ராக்டர் ஆறு மாதம் கழித்துத்தான் பிஎஃப் போட ஆரம்பித்திருந்தார். அப்படி இருந்தால் அந்த ஆறு மாதத்தை விட்டுவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள். உங்களிடம் மூன்று வருடம் இருக்கிறது, கேட்பது இரண்டு. வம்பு பிடித்த ஆறு மாதத்துக்காகக் கோப்பையே சந்தேகத்தில் நிறுத்த வேண்டாம்.

பெயரையும் பாருங்கள். எஸ்எஸ்எல்சியில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ஒரு பெயர், பிஎஃப்பில் காண்ட்ராக்டரின் கிளார்க் மலையாள உச்சரிப்பில் எழுதிய இன்னொரு பெயர். எல்லைப்புறத்தில் பிறந்தவனுக்கு மூன்று பெயர் இருக்கும். மூன்றும் ஒருவரே என்று ஒரு பிரமாணம் இப்போதே எழுதி வையுங்கள். மலையாளத்தில் இருக்கும் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் “இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், இது சரியான பெயர்ப்பு” என்று கையெழுத்திட்ட சான்றும் சேர வேண்டும்.

ஷார்ஜா. நாலு வருடம், நல்ல மெஷின்கள், வங்கி வழியாகச் சம்பளம். அமீரகத்தில் 2009லிருந்து சம்பளத்தை வங்கி முறையில்தான் போடவேண்டும் என்று இருப்பதால் ஸ்டேட்மெண்ட் கிடைக்கும். கேட்கவே வேண்டாம், இதுதான் பலமான நாலு வருடம் என்று தோன்றும். பாஸ்போர்ட்டில் பழைய விசா பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொழில் என்ற இடத்தில் என்ன இருக்கிறது? கம்பெனிக்கு எந்த விசா ஒதுக்கீடு மிச்சம் இருந்ததோ அதில் ஆளை இறக்குவது வளைகுடாவில் பழகிப்போன காரியம். வெல்டர் ‘ஹெல்பர்’ விசாவில் இருப்பார், எலக்ட்ரீஷியன் ‘கிளீனர்’ விசாவில் இருப்பார். பாலக்காட்டுப் பக்கம் வளைகுடா போய்வந்த வீடுகளில் கேட்டால் வீட்டுக்கு ஒரு கதை சொல்வார்கள். உங்கள் விசாவில் ‘மெஷினிஸ்ட்’ என்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ‘லேபரர்’ என்று இருந்தால் மறைக்காதீர்கள். விசா எந்த வகையில் இருந்தது, உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதை ஒரே கடிதத்தில் கம்பெனி விளக்கி எழுதட்டும். அங்கே எடுத்த பயிற்சிச் சான்று, கம்பெனி அடையாள அட்டை, ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் இருக்கும் நகல், எது இருந்தாலும் சேருங்கள். அதிகாரி தானே கண்டுபிடித்தால் அது முரண்பாடு. நீங்கள் முன்வந்து சொன்னால் அது விளக்கம்.

இப்போதைய கம்பெனி. இங்கேதான் எல்லாருக்கும் கை நடுங்கும். கடிதம் கேட்டால் போகப் போகிறான் என்று தெரிந்துவிடும், இன்க்ரிமெண்ட் நின்றுவிடும். வேண்டாம், கேட்காதீர்கள். இரண்டு வருடத்தைப் பழைய இடங்களிலிருந்தே நிரூபிக்க முடியும்போது இதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: படிவத்தில் நாலு வேலையையும் எழுதுங்கள். முதலில் எழுதாத வேலையைப் பின்னால் சான்றாக நீட்டினால், அப்போது ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது: எழுதுகிறவரின் பெயர், முகவரி, பதவி, நீங்கள் செய்த வேலையின் குறிப்பான விவரம். நான் இதோடு சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரம் என்ற சொல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்க்கச் சொல்வேன். பகுதிநேர வேலை என்றால் அந்த விகிதத்தில்தான் எண்ணுவார்கள், அரை நேரம் நாலு வருடம் பார்த்தால் இரண்டு வருடம். நாள், மாதம், வருடம் மூன்றும் வேண்டும். ‘சுமார் மூன்று வருடம்’ என்று எழுதிய கடிதத்தை மூன்று முறை திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலையை நான் சண்டை போட்டு விட்டேன். ஓவர்டைம் காசு தரவில்லை, எடுத்தெறிந்து பேசிவிட்டு வாளையார் வரை நடந்தே வந்தேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்த வயசு. பதினோரு வருடம் கழித்து எனக்கே அந்த மூன்று வருடத்துக்குக் கடிதம் தேவைப்பட்டது. போய் நின்றேன். பழைய மேனேஜர் மலையாளி, வழுக்கை விழுந்திருந்தது. “ஒரு கத்து வேணம், சாரே” என்றேன், ஒரு கடிதம் வேண்டும் என்று. என்னை அடையாளம் கண்டுகொண்டார். “அதினெந்தா, தராம்” என்றார், அதற்கென்ன, தருகிறேன் என்று. தரவில்லை. எட்டு முறை போனேன். ஒன்பதாவது முறை அவர் ஓய்வு பெற்றிருந்தார். கடைசியில் கேண்டீன் நடத்தியவரும் ஸ்டோர் கீப்பரும் எழுதிக் கொடுத்த பிரமாணங்களோடு கோப்பு போனது, கூடுதல் விளக்கம் கேட்டுத் திரும்பியது, அதோடு நான் விட்டுவிட்டேன். மற்றவர்கள் கோப்பைப் பார்க்கிற புத்தி அதற்கப்புறம்தான் வந்தது.

இனி மஸ்கட்.

வேலைவழி கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000தான். ஒரு நாட்டுக்கு அதில் 7 சதவீதம் என்ற வரம்பு. இந்தியாவிலிருந்து கேட்கிறவர்கள் எக்கச்சக்கம் என்பதால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. 2025 நடுவில் இந்தியர்களுக்கான இபி-3 வரிசை 2013 ஏப்ரல் தேதிக்காரர்களிடம் நின்றது. அதாவது நீங்கள் கணபதி பட்டறையில் சேர்ந்த வருடம் விண்ணப்பித்தவருக்கு அப்போதுதான் முறை. அதே நேரத்தில் வரிசை நெரிசல் இல்லாத மற்ற நாடுகளுக்கான தேதி 2023ஐ எட்டியிருந்தது. பத்து வருட வித்தியாசம்.

இந்த ‘நாடு’ என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்தது அல்ல, பிறந்த இடத்தைப் பொறுத்தது. கணவன் மனைவி சேர்ந்தே குடியேறுவதாக இருந்தால், ஒருவர் மற்றவர் பிறந்த நாட்டின் வரிசையில் நிற்கலாம். உங்கள் மனைவி இந்தியக் குடிமகளாகவே இருக்கட்டும், பிறந்தது மஸ்கட் என்றால் நீங்கள் ஓமன் வரிசையில் நிற்கலாம். வளைகுடாவில் வேலை பார்த்த அப்பாவுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்களில் பலருக்கு இது தெரியாது. என் மேசையில் ஒரு கோப்பு ஆறு வருடம் இந்திய வரிசையில் தூங்கியது. மனைவியின் பிறந்த இடம் குவைத் என்பது பாஸ்போர்ட்டிலேயே அச்சாகியிருந்தது, யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. உங்கள் மனைவியின் ஓமன் பிறப்புச் சான்றிதழ், அரபியில் இருக்கும், அதைத் தேடி எடுத்து மொழிபெயர்த்து வையுங்கள். மாமனார் வீட்டு பீரோவில் இருக்கும். குளிரைப் பற்றி அவரே தீர்மானிக்கட்டும். ஒஹாயோவில் பனி பெய்யும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அண்ணன் கூட்டாளி என்பதை மறைக்காதீர்கள். கம்பெனியின் உரிமையாளர்களுக்கும் உங்களுக்கும் உறவு உண்டா என்று பெர்ம் படிவத்தில் கேட்பார்கள். ஆம் என்பதால் தானாகத் தள்ளிவிட மாட்டார்கள், ஆனால் வேலை உண்மையிலேயே எல்லாருக்கும் திறந்திருந்ததா என்று கிண்டிப் பார்ப்பார்கள். இல்லை என்று எழுதி மாட்டினால் அதோடு போச்சு. இன்னொன்று, சொன்ன சம்பளத்தை முன்னுரிமைத் தேதியிலிருந்தே கொடுக்கும் சக்தி கம்பெனிக்கு இருக்கிறது என்று வரிக் கணக்கைக் காட்டவேண்டும். எட்டுப் பேர் வேலை பார்க்கிற மெஷின் ஷாப் என்றால் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுபவம் எல்லாம் கச்சிதமாக இருந்து, கம்பெனி நஷ்டம் காட்டியதால் விழுந்த கோப்புகள் உண்டு.

எட்டு லட்சம் எதற்கு? பெர்ம் கட்டத்தின் வக்கீல் கட்டணம், விளம்பரச் செலவு இரண்டையும் முதலாளிதான் கொடுக்க வேண்டும், வேலைக்கு வருகிறவரிடம் வாங்கக் கூடாது என்று 2007 ஜூலையிலிருந்து அமெரிக்க விதி. பின்னால் வரும் விசாக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை போன்றவை உங்கள் செலவு, அது வேறு. இந்தியப் பக்கத்திலும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. வேலை தருகிறவர் உங்கள் சித்தப்பா மகன். நடுவில் இந்த ஏஜெண்ட் எங்கிருந்து முளைத்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அந்த ஏஜெண்ட், “கடிதமா, அதையெல்லாம் நாங்களே ரெடி பண்ணிடுவோம்” என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். பொய்ச் சான்று கொடுத்துப் பிடிபட்டால் அந்தக் கோப்பு மட்டும் போகாது. பொய் சொல்லிக் குடியேற்றப் பலன் தேடியவர் என்ற தடை ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும், நாளைக்குப் பிள்ளையைப் பார்க்க டூரிஸ்ட் விசா கேட்டாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

கனடாவுக்கு வருவோம். அங்கே கணக்கு தலைகீழ். அமெரிக்காவில் முதலில் வேலை, பிறகு நீங்கள். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் முதலில் நீங்கள். 2015 ஜனவரியில் வந்த முறை அது. திறன் தொழிலாளர் பிரிவில் கடைசிப் பத்து வருடத்துக்குள் ஒரே தொழிலில் தொடர்ச்சியாக ஒரு வருடம், அதாவது 1,560 மணி நேரம், சம்பளத்தோடு செய்திருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் செய்தது சேராது. நம் ஆட்கள் 12 மணி நேர ஷிஃப்ட் போட்டு ஆறே மாதத்தில் கணக்கை முடித்துவிடலாம் என்று நினைப்பது நடக்காது. உங்கள் பட்டறை வருடங்கள் பத்து வருட எல்லையைத் தாண்டிவிட்டன, ஷார்ஜாவும் கஞ்சிக்கோடும்தான் எண்ணப்படும். அனுபவத்துக்கு மதிப்பெண் ஒரு வருடத்துக்கு 9, இரண்டு மூன்று வருடத்துக்கு 11, நாலு ஐந்துக்கு 13, ஆறு வருடமும் மேலும் என்றால் 15. இந்தப் பிரிவுக்குள் நுழையவே நூறில் 67 வேண்டும்.

மெஷினிஸ்ட் வேலை அவர்களுடைய தொழில் பட்டியலில் கைத்தொழில் பிரிவில் வருகிறது, அதற்கென்று தனி வழியும் உண்டு: கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம், கூடவே குறைந்தது ஒரு வருடத்துக்கான வேலை வாய்ப்போ மாகாணத்தின் தகுதிச் சான்றோ. ஆங்கிலம் அங்கே கொஞ்சம் தளர்வு. திறன் தொழிலாளர் பிரிவில் நான்கு திறனிலும் கனடாவின் மொழி அளவுகோலில் ஏழாம் நிலை கேட்பார்கள், கைத்தொழில் பிரிவில் பேசவும் கேட்கவும் ஐந்து, படிக்கவும் எழுதவும் நாலு போதும். கிழக்குக் கடற்கரை மாகாணங்களுக்கு அட்லாண்டிக் திட்டம் என்று ஒன்று, 2022லிருந்து நிரந்தரமாக இருக்கிறது. அங்கிருக்கும் முதலாளி வேலை கொடுத்தால் கடைசி ஐந்து வருடத்தில் ஒரு வருட அனுபவம் போதும்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். கனடாவில் வேலை வாய்ப்புக் கடிதம் இருந்தால், பிரிவுக்குள் நுழைந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் தனித் தரவரிசையில் 50 அல்லது 200 மதிப்பெண் கூடும் என்று இன்னும் சிலர் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் மதிப்பெண்ணை 2025 மார்ச் 25 அன்று எடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைக் காசு கொடுத்து வாங்குவோர் பெருகியதுதான் காரணம்.

கனடாக்காரர்கள் கேட்கும் கடிதத்தில் சம்பளமும் வார மணி நேரமும் கட்டாயம். நீங்கள் செய்த வேலையை அவர்கள் தொழில் பட்டியலில் இருக்கும் வர்ணனையோடு வைத்துப் பார்ப்பார்கள். அதற்காக அந்தப் பட்டியலை அப்படியே நகலெடுத்துக் கடிதமாக அடித்துவிடாதீர்கள், வரிக்கு வரி ஒத்துப்போனால் எந்த அதிகாரிக்கும் தெரியும். உங்கள் மெஷின், உங்கள் பாகம், உங்கள் அளவு, அதை எழுதுங்கள். ‘காலையில் டூல் ஆஃப்செட் சரிபார்ப்பார், முதல் பாகத்தை அளந்து ஒப்புதல் வாங்குவார், பம்ப் உடல் பாகங்களை இத்தனை மைக்ரானுக்குள் முடிப்பார்’ என்ற மாதிரி. நம்மூர் மேனேஜர்கள் இப்படி எழுத மாட்டார்கள், நீங்கள் வரைவு எழுதிக் கொடுத்தால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். உள்ளதை எழுதியிருக்கும்வரை அதில் தப்பில்லை.

ஆஸ்திரேலியாவை நீங்கள் கேட்கவில்லை. முதலாளி நியமிக்கும் 186 விசாவின் நேரடி வழிக்கு மூன்று வருட அனுபவமும், திறன் மதிப்பீடும், 45க்குள் வயதும் வேண்டும் என்பதை மட்டும் காதில் போட்டு வைக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒஹாயோவையும் கனடாவையும் இரண்டையும் ஓட்டுவேன், ஒன்று மற்றதைத் தடுக்காது. ஆனால் இரண்டிலும் ஒரே தேதிகள், ஒரே பதவிப் பெயர் இருக்க வேண்டும். முன்பு எப்போதாவது எந்த நாட்டு விசாவுக்காவது விண்ணப்பித்திருந்தால் அதில் வேலை பற்றி என்ன எழுதினீர்கள் என்பதையும் தேடிப் பாருங்கள்.

ஷார்ஜா கம்பெனிக்கு மின்னஞ்சல் இன்றைக்கே போகலாம், உங்களோடு இருந்தவர்கள் யாராவது இன்னும் அங்கே இருப்பார்கள், அவர்கள் வழியாக ஹெச்ஆரைப் பிடியுங்கள். கஞ்சிக்கோட்டுக் காண்ட்ராக்டரை நேரில் பார்ப்பதுதான் நல்லது. அந்த ஆட்கள் பெரும்பாலும் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட் பக்கம் இருப்பார்கள், பத்து மணிக்கு மேல் போனால் பிடிக்க முடியாது. பிஎஃப் பணி வரலாறு பிரிண்ட் ஒன்று, கடித வரைவு இரண்டு நகல், காண்ட்ராக்டரின் சீலுக்கு மை காய்ந்திருக்கும் என்பதால் ஒரு ஸ்டாம்ப் பேடும் எடுத்துக்கொண்டு போங்கள்.